டிஜிட்டல் டிரிகர் மூலம் அளவீட்டைத் தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றை நேரடியாக 415 வோல்ட் லைனில் ஸ்டார்ட் செய்கிறோம். முதல் சில சுழற்சிகளில் அது இழுக்கும் மின்னோட்டம் வழக்கமான முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஆறு, ஏழு மடங்கு வரை போகும். அதிலும் மிக உயர்ந்த உச்சி பெரும்பாலும் முதல் அரைச் சுழற்சியிலேயே வந்துவிடும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரைச் சுழற்சி என்பது 10 மில்லி விநாடி. அந்த 10 மில்லி விநாடியைத் தவறவிட்டால் சோதனையையே திரும்பச் செய்ய வேண்டியதுதான். இந்த ஒரு வேலையை முன்னால் வைத்துக்கொண்டு, அளவீட்டுக் கருவியை வெளியிலிருந்து வரும் ஒரு டிஜிட்டல் சிக்னலால் தொடங்க வைப்பது பற்றி மாணவர்களும் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உதாரணங்கள் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவிகளையும் அவற்றின் டாக்எம்எக்ஸ் டிரைவரையும் (கருவியை நிரலோடு இணைக்கும் மென்பொருள்) வைத்துச் சொல்லப்பட்டவை. வேறு நிறுவனத்தின் கருவி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

டிஜிட்டல் டிரிகர் கொடுத்தால் கருவிக்குள் என்ன நடக்கிறது?

டாஸ்க் என்பது சேனல், வேகம், டிரிகர் எல்லாம் சேர்ந்த ஓர் அளவீட்டு அமைப்பு. டிரிகர் இல்லாத டாஸ்க்கில், நிரல் "ஸ்டார்ட்" என்றதும் கருவியின் சாம்பிள் கிளாக் (ஒவ்வொரு மாதிரியையும் எப்போது எடுப்பது என்று சொல்லும் கடிகாரம்) ஓட ஆரம்பித்துவிடும். டிஜிட்டல் டிரிகர் அமைத்த டாஸ்க்கில் "ஸ்டார்ட்" என்றால் கருவி தயார் நிலைக்குப் போகிறது, அவ்வளவுதான். கிளாக் இன்னும் ஓடாது. நீங்கள் குறிப்பிட்ட முனையில், நேஷனல் கருவிகளில் பெரும்பாலும் பிஎஃப்ஐ என்று பெயர் கொண்ட முனைகளில் ஒன்றில், மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயர்வுக்கோ (ரைசிங் எட்ஜ்) உயர்விலிருந்து தாழ்வுக்கோ (ஃபாலிங் எட்ஜ்) மாறும் அந்த விளிம்பில் கருவிக்குள் இருக்கும் டைமிங் சுற்றே கிளாக்கைத் திறந்துவிடுகிறது. அந்த முடிவில் கணினிக்கோ விண்டோஸுக்கோ யூஎஸ்பி கேபிளுக்கோ எந்தப் பங்கும் இல்லை. டிஜிட்டல் டிரிகரின் முழுப் பலனும் இதில்தான் இருக்கிறது.

நிரலில் ஒரு லூப் போட்டு, டிஜிட்டல் இன்புட்டைப் படித்துக்கொண்டே இருந்து, ஒன்று வந்ததும் அளவீட்டைத் தொடங்கினால் போதாதா?

அறை வெப்பநிலை பதிவு செய்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போதும். மோட்டார் ஸ்டார்ட்டிங்குக்குப் போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நான் பார்த்தவரை அதிக நேரம் வீணாவது இந்த இடத்தில்தான்.

லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கணினியிலிருந்து ஒரு கட்டளை யூஎஸ்பி வழியாகப் போய், பதில் திரும்பி வர வேண்டும். ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பியில் ஒரு ஃப்ரேம் என்பதே 1 மில்லி விநாடி. லூப் பிராசசரை முழுக்க விழுங்கிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு சிறிய காத்திருப்பு வைப்பீர்கள். விண்டோஸின் இயல்பான டைமர் இடைவெளி ஏறத்தாழ 15.6 மில்லி விநாடி என்பதால், 1 மில்லி விநாடி தூங்கு என்று சொன்ன நிரல் 15 மில்லி விநாடி கழித்து எழுந்திருக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு டாஸ்க்கைத் தொடங்கும்போது டிரைவர் அமைப்புகளைச் சரிபார்த்து, கருவியின் வளங்களை ஒதுக்கி, அவற்றைக் கருவிக்குள் எழுத வேண்டும். அதுவும் பல மில்லி விநாடி. இதற்குள் நமக்கு வேண்டிய அரைச் சுழற்சி போய்விட்டது.

தாமதத்தைக் கூடச் சகித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் அது ஒரே அளவாக இருந்தால் கழித்துவிடலாம். இங்கே ஒருமுறை 4, அடுத்த முறை 19, ஆன்டிவைரஸ் விழித்துக்கொண்டால் 60 என்று போகும். ஒரே மோட்டாரைப் பல முறை ஸ்டார்ட் செய்து வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இந்த நிலையில் முடியவே முடியாது. கணினியை வேகமானதாக மாற்றினாலும் இது தீராது. எப்போது தொடங்குவது என்ற முடிவைக் கம்பியிடம் கொடுத்துவிட வேண்டும், நிரல் அதற்கு முன்பே எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஸ்டார்ட் டிரிகர், ரெஃபரன்ஸ் டிரிகர், பாஸ் டிரிகர்: எதை எப்போது எடுப்பது?

ஸ்டார்ட் டிரிகர் வந்ததும் பதிவு தொடங்கும், அதற்கு முன்னால் நடந்தது எதுவும் உங்களிடம் இருக்காது. பெரும்பாலான வேலைகளுக்கு இது போதும்.

ரெஃபரன்ஸ் டிரிகரில் கருவி டாஸ்க்கை ஸ்டார்ட் செய்ததுமே பதிவு செய்ய ஆரம்பித்துவிடும். பஃபர் (தற்காலிக நினைவகம்) நிறைந்தால் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். டிரிகர் வந்ததும் அதற்கு முன்னால் உள்ள குறிப்பிட்ட எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, பின்னால் வர வேண்டியதையும் பதிவு செய்துவிட்டு நிற்கும். விநாடிக்கு 10,000 மாதிரி வேகத்தில் மொத்தம் 10,000 மாதிரி, அதில் டிரிகருக்கு முன் 1,000 என்று அமைத்தால், நிகழ்வுக்கு முன் 100 மில்லி விநாடியும் பின் 900 மில்லி விநாடியும் கிடைக்கும். டாக்எம்எக்ஸில் டிரிகருக்கு முந்தைய மாதிரிகள் குறைந்தது 2 இருக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அந்த 1,000 மாதிரி சேருவதற்குள் டிரிகர் வந்துவிட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே டாஸ்க்கை ஸ்டார்ட் செய்த கையோடு மோட்டார் பொத்தானை அழுத்தாதீர்கள்.

பாஸ் டிரிகர், அதாவது இடைநிறுத்தும் டிரிகர், விளிம்பைப் பார்ப்பதில்லை, மட்டத்தைப் பார்க்கிறது. சிக்னல் உயர்வாக இருக்கும்வரை பதிவு செய், தாழ்ந்தால் நிறுத்தி வை என்ற மாதிரி. இதில் நேர அச்சு தொடர்ச்சியாக இருக்காது. இடைவெளி விட்ட இடம் எது என்று தரவைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதை எடுங்கள் என்பேன்.

மோட்டார் சோதனைக்கு என் தேர்வு ரெஃபரன்ஸ் டிரிகர்தான். காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

காண்டாக்டரின் ஆக்சிலரி காண்டாக்டையே டிரிகராக எடுக்கலாமா?

எடுக்கலாம், பலரும் எடுக்கிறார்கள். (காண்டாக்டர் என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச், ஆக்சிலரி என்பது அதோடு சேர்ந்து இயங்கும் சிறிய துணைக் காண்டாக்ட்.) ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

முதலாவது, நேரம். காயிலுக்கு மின்சாரம் கொடுத்த பிறகு காண்டாக்டர் மூடுவதற்குப் பொதுவாக 10 முதல் 25 மில்லி விநாடி ஆகும். மெயின் காண்டாக்டும் ஆக்சிலரியும் ஒரே கணத்தில் மூடுவதில்லை. மாடலைப் பொறுத்து ஒன்று முந்தும், மற்றது சில மில்லி விநாடி பிந்தும். ஆக்சிலரி பிந்தும் காண்டாக்டரில் ஸ்டார்ட் டிரிகர் வைத்தால், மின்னோட்டம் பாய ஆரம்பித்த பிறகுதான் பதிவு தொடங்கும். முதல் உச்சியின் ஒரு பகுதி போய்விடும். 100 மில்லி விநாடி முன்பதிவோடு ரெஃபரன்ஸ் டிரிகர் வைத்தால் எது முந்தினாலும் கவலை இல்லை. காயிலுக்குக் கொடுக்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தையே தனிமைப்படுத்தி டிரிகராக எடுப்பது இன்னொரு நல்ல வழி. அப்போது காண்டாக்டர் மூட எடுக்கும் நேரமே உங்களுக்கு அனுகூலமாகிவிடும், ஸ்டார்ட் டிரிகரே போதுமானதாகிவிடும்.

இரண்டாவது, காண்டாக்ட்டின் துள்ளல். உலோகம் உலோகத்தில் மோதும்போது சில மில்லி விநாடிக்குத் திறந்து மூடித் திறந்து மூடும். ஒரே ஒரு முறை தொடங்கும் பதிவுக்கு இது பிரச்சினையே இல்லை, முதல் விளிம்பிலேயே டிரிகர் முடிந்துவிடுகிறது. ஆனால் காண்டாக்டர் திறக்கும்போதும் அதே துள்ளல் உண்டு, அந்தத் துள்ளலில் மூடும் விளிம்புகளும் கலந்திருக்கும். மோட்டாரை நிறுத்துவதற்கு முன்பே அடுத்த சோதனைக்கான டாஸ்க்கை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், நிறுத்தும்போது டிரிகர் ஆகிவிடும். "சில நேரம் தானாகவே பதிவாகிறது" என்று வரும் புகார்களில் இது ஒரு வழக்கமான காரணம்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த காண்டாக்ட்டுகள் மிகச் சிறிய மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பல காண்டாக்டர்களின் தரவுத்தாளில் ஆக்சிலரிக்குக் குறைந்தபட்சம் 17 வோல்ட், 5 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கும். யூஎஸ்பி-6008 கருவியின் டிஜிட்டல் முனையில் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் புல்-அப் (முனையை உயர்வில் பிடித்து வைக்கும் மின்தடை) இருக்கிறது. காண்டாக்டை அதில் நேரடியாக இணைத்தால் பாய்வது வெறும் 1 மில்லிஆம்பியர் அளவுதான். புதிதாக இருக்கும்போது வேலை செய்யும். தொடுபரப்பில் தூசும் ஆக்சைடும் படிந்த பிறகு ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. சரியான வழி, 24 வோல்ட் டிசி சப்ளையிலிருந்து காண்டாக்ட் வழியாக ஓர் ஆப்டோகப்ளரின் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) எல்இடிக்குச் சில மில்லிஆம்பியர் ஓடவிட்டு, ஆப்டோகப்ளரின் வெளியீட்டைக் கருவியோடு இணைப்பது. காண்டாக்ட்டும் சுத்தமாக இருக்கும், பேனலுக்கும் கருவிக்கும் நடுவே மின்தனிமையும் கிடைக்கும்.

24 வோல்ட் சென்சார் அல்லது பிஎல்சி (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) அவுட்புட்டை நேராக டிரிகர் முனைக்குக் கொடுத்தால்?

கூடாது. இந்த முனைகள் 5 வோல்ட் டிடிஎல் வகை. 0.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் தாழ்வு, 2 அல்லது 2.2 வோல்ட்டுக்கு மேலே என்றால் உயர்வு, நடுவில் உள்ளதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 24 வோல்ட் போனால் முனை கெட்டுவிடும்.

இரண்டு மின்தடை வைத்துப் பிரித்துக் கொடுக்கலாம்தான். ஆனால் பேனல் கிரவுண்டும் கணினி கிரவுண்டும் அப்போது ஒன்றாகிவிடும். அதனால் நான் ஆப்டோகப்ளரையே சொல்வேன். பிசி817 மாதிரி சாதாரண ஆப்டோகப்ளர் சில மைக்ரோ விநாடி தாமதத்தில் வேலை செய்யும், மோட்டார் வேலைக்கு அது தாராளம். எஞ்சின் கிராங்க் என்கோடர் போன்ற வேகமான துடிப்புகளுக்கு 6என்137 வகை வேண்டும். காம்பாக்ட்டாக் (மாட்யூல்களைச் செருகும் நேஷனல் கருவி) வைத்திருப்பவர்கள் 24 வோல்ட்டையே ஏற்கும் டிஜிட்டல் இன்புட் மாட்யூல் ஒன்றைச் செருகி அதன் லைனை டிரிகராக எடுத்துக்கொள்ளலாம். 9411 மாட்யூல் 5 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும்.

ரைசிங் எட்ஜா, ஃபாலிங் எட்ஜா?

கம்பி எதுவும் இணைக்காதபோது முனை எந்த நிலையில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். 6008-இல் புல்-அப் இருப்பதால் சும்மா இருக்கும் முனை உயர்வாக இருக்கும். ஸ்விட்ச் அதைக் கிரவுண்டுக்கு இழுக்கும், ஆகவே ஃபாலிங் எட்ஜ். யூஎஸ்பி-6341 போன்ற எக்ஸ் சீரிஸ் கருவிகளில் ஏறத்தாழ 50 கிலோஓம் புல்-டவுன் இருப்பதால் முனை தாழ்வாக இருக்கும். அங்கே 5 வோல்ட்டை ஸ்விட்ச் வழியாகக் கொடுத்து ரைசிங் எட்ஜ் எடுப்பது இயல்பு. ஒரு கருவிக்கு எழுதிய நிரலை இன்னொரு கருவியில் ஓட்டும்போது தலைகீழாகிப் போவது இதனால்தான்.

ஆப்டோகப்ளரின் டிரான்சிஸ்டர் வெளியீடு வழக்கமாகச் சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்றும் ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

எதுவும் நடக்காதபோதே டிரிகர் ஆகிவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் மிதக்கும் முனை, விட்டுப்போன கிரவுண்ட், இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்). 50 கிலோஓம் புல்-டவுன் என்பது பலவீனமான பிடிமானம். மூன்று மீட்டர் கம்பியை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டி ஓட்டினால் அதில் தூண்டப்படும் துடிப்பு 2 வோல்ட்டைத் தாண்டுவது பெரிய விஷயம் இல்லை.

வெளியே 1 முதல் 4.7 கிலோஓம் வரை உள்ள மின்தடை ஒன்றைப் போட்டு முனையை உறுதியாகப் பிடித்து வையுங்கள். சிக்னலையும் அதன் கிரவுண்டையும் முறுக்கிய ஜோடியாகக் கொண்டுவாருங்கள், பவர் கேபிள்களிலிருந்து தள்ளி. மெதுவாக ஏறும் சிக்னல் என்றால் நடுவில் 74எச்சி14 மாதிரி ஷ்மிட் டிரிகர் கேட் ஒன்று வையுங்கள். ஏறும்போது ஒரு மட்டம், இறங்கும்போது வேறு மட்டம் என்று இரண்டு எல்லை வைத்திருப்பதால், எல்லையில் நின்று நடுங்கும் சிக்னலை அது ஒரே ஒரு சுத்தமான விளிம்பாக மாற்றிவிடும். (ஓட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர் 1930களில் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த சுற்று இது. ஸ்க்விட் என்ற கடல் உயிரியின் நரம்புகளில் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியிலிருந்து வந்தது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா டிரிகர் சுற்றுகளிலும் இந்த யோசனை இருக்கிறது.)

கருவியிலேயே டிஜிட்டல் ஃபில்டர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். எம் சீரிஸ் கருவிகளில் பிஎஃப்ஐ முனைகளுக்கு 125 நானோ விநாடி, 6.425 மைக்ரோ விநாடி, 2.56 மில்லி விநாடி என்று மூன்று அளவுகள் உண்டு. அதைவிடக் குறுகிய துடிப்புகளை ஒதுக்கிவிடும். பதிலுக்கு உண்மையான விளிம்பும் அதே அளவு தாமதமாகவே உள்ளே போகும். 2.56 மில்லி விநாடியைத் தேர்ந்தெடுத்துவிட்டு டிரிகர் தாமதிக்கிறது என்று தேடாதீர்கள்.

நிரலில் எந்த வரிசையில் எழுதுவது?

டாஸ்க் உருவாக்கு, சேனல்களைச் சேர், சாம்பிள் கிளாக்கை அமை, டிரிகரை அமை, டாஸ்க்கை ஸ்டார்ட் செய், அதன் பிறகு மோட்டார் பொத்தான், கடைசியில் ரீட். நேஷனலின் லேப்வியூ நிரல்மொழியிலும் பைத்தானிலும் இதே வரிசைதான்.

ஸ்டார்ட்டை வெளிப்படையாக அழையுங்கள். அழைக்காவிட்டாலும் ரீட் தானாக ஸ்டார்ட் செய்துகொள்ளும், ஆனால் கருவி எப்போது தயாரானது என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஸ்டார்ட் முடிந்ததும் திரையில் "தயார்" என்று ஒரு வரி காட்டுங்கள், பேனல் பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தட்டும். டைமிங் அமைக்காத, ஒரே ஒரு மாதிரியை உடனே படிக்கும் டாஸ்க்கில் டிரிகர் வேலை செய்யாது. திறப்பதற்குக் கிளாக்கே அங்கே இல்லை.

முனையின் பெயரை எழுதும்போது முதலில் ஒரு சாய்கோடு வேண்டும்: சாய்கோடு, கருவியின் பெயர், மறுபடி சாய்கோடு, முனையின் பெயர். முதல் சாய்கோடு விட்டுப்போனால் அப்படி ஒரு முனையே இல்லை என்று பிழை வரும். சேனல் பெயருக்கு அந்தச் சாய்கோடு வேண்டாம், முனைக்கு வேண்டும். இந்த வித்தியாசம் பலரையும் குழப்பியிருக்கிறது.

பிழை -200284 வருகிறது. கருவி கெட்டுவிட்டதா?

இல்லை. கேட்ட மாதிரிகள் கெடு நேரத்துக்குள் வந்து சேரவில்லை என்பதுதான் அதன் பொருள். ரீட் இயல்பாக 10 விநாடி காத்திருக்கும். அதற்குள் டிரிகர் வரவில்லை என்றால் இந்தப் பிழை. காத்திருக்கும் நேரத்துக்கு -1 கொடுத்தால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும், ஆனால் டிரிகர் வராமலே போனால் நிரல் உறைந்து நிற்கும். நான் சொல்லும் வழி, சிறிய காத்திருப்போடு திரும்பத் திரும்பக் கேட்பது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஒரு பிழையை மட்டும் பிடித்து, பயனர் நிறுத்தச் சொன்னாரா என்று பார்த்துவிட்டு மறுபடி காத்திருப்பது. மற்ற பிழைகளை விழுங்கிவிடாதீர்கள்.

பொத்தானை அழுத்தியும் இதே பிழை என்றால் விளிம்பு உண்மையிலேயே முனைக்கு வருகிறதா என்று ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். மல்டிமீட்டர் காட்டும் 5 வோல்ட்டை நம்பாதீர்கள், அது மட்டத்தைத்தான் காட்டும். டாஸ்க்கை ஸ்டார்ட் செய்யும் முன்பே சிக்னல் உயர்ந்துவிட்டால் பிறகு விளிம்பே வராது.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று -200279. அது டிரிகர் பற்றியது அல்ல. தரவு வந்துகொண்டிருக்கிறது, உங்கள் நிரல் அதை வேகமாக எடுக்கவில்லை, பஃபரில் பழையது அழிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

டிரிகருக்கும் முதல் மாதிரிக்கும் நடுவே எவ்வளவு நேரம்? அது மாறுமா?

உள் சாம்பிள் கிளாக்கோடு ஸ்டார்ட் டிரிகர் வைத்தால், கிளாக்கே டிரிகரோடு சேர்ந்துதான் பிறக்கிறது. யூஎஸ்பி-6341-இன் டைம்பேஸ் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு துடிப்பு 10 நானோ விநாடி. தொடக்கத்தின் ஊசலாட்டம் அந்த அளவில்தான் இருக்கும். ரெஃபரன்ஸ் டிரிகரிலும், வெளியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கிளாக்கைக் கொடுத்தாலும் நிலைமை வேறு. அங்கே கிளாக் முன்பே ஓடுகிறது, டிரிகர் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஆகவே ஒரு மாதிரி இடைவெளி வரை நிச்சயமின்மை உண்டு. 10,000 வேகத்தில் அது 100 மைக்ரோ விநாடி. அது அதிகம் என்றால் வேகத்தைக் கூட்டுங்கள்.

மூன்று ஃபேஸையும் அளப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 6341-இல் எல்லாச் சேனலுக்கும் ஒரே ஏடிசிதான் (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் சுற்று), மல்டிபிளெக்சர் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக் கொடுக்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது டாக்எம்எக்ஸ் ஒவ்வொரு சேனலுக்கும் 10 மைக்ரோ விநாடி கூடுதல் இடைவெளி விடும். 2 மைக்ரோ விநாடி மாற்று நேரத்தோடு சேர்த்து, பக்கத்துச் சேனல்கள் சுமார் 12 மைக்ரோ விநாடி தள்ளி நிற்கும். 50 ஹெர்ட்ஸில் அது 0.2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். உச்சியை அளக்கக் கவலை இல்லை, பவர் ஃபாக்டர் கணக்குக்குக் கவனிக்க வேண்டும். 6008 என்றால் மொத்த வேகமே விநாடிக்கு 10,000 மாதிரி, மூன்று சேனலுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 3,333. சுழற்சிக்கு 66 புள்ளி. படிப்பதற்குப் போதும். தவிர, அதன் கையேடு பிஎஃப்ஐ 0 முனையை ஸ்டார்ட் டிரிகராகப் பயன்படுத்தத்தான் வழி சொல்கிறது. முன்பதிவு வேண்டுமென்றால் எக்ஸ் சீரிஸ் பக்கம் போங்கள்.

வேவ்ஃபார்மில் தெரியும் தொடக்க நேரத்தை டிரிகர் நேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண யூஎஸ்பி கருவிகளில் அது கணினிக் கடிகாரத்திலிருந்து டிரைவர் போடும் நேரம்.

ஒவ்வொரு முறை சிக்னல் வரும்போதும் புதிதாக 500 மாதிரி எடுக்க வேண்டும். முடியுமா?

பிரஸ் மெஷினின் ஒவ்வொரு அடிக்கும் அழுத்த வளைவு எடுப்பவர்களுக்கு இது அன்றாடத் தேவை. எக்ஸ் சீரிஸ் கருவிகளில் ஸ்டார்ட் டிரிகரைத் திரும்பத் திரும்ப ஏற்கும்படி அமைக்க ஒரு பண்பு இருக்கிறது. 500 முடிந்ததும் கருவி தானாக அடுத்த விளிம்புக்குக் காத்திருக்கும், நிரல் படித்துக்கொண்டே இருந்தால் போதும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது வரும் விளிம்புகள் கணக்கில் வராது. துள்ளல் பிரச்சினை உண்மையிலேயே கடிப்பது இங்கேதான், ஆகவே ஃபில்டர் கட்டாயம்.

இந்த வசதி இல்லாத கருவியில் நிறுத்தித் தொடங்கும் லூப்தான் வழி. அப்போது லூப்புக்கு வெளியே டாஸ்க்கை "கமிட்" நிலைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் நடக்கும் சரிபார்ப்பும் ஒதுக்கீடும் மிச்சமாகி, தவறிப்போகும் அடிகள் குறையும்.

அனலாக் டிரிகர் இருக்கும்போது டிஜிட்டல் எதற்கு?

மின்னோட்டம் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் தொடங்கு என்பது அனலாக் டிரிகர். தனியாகக் கம்பி இழுக்க வேண்டாம் என்பது அதன் வசதி. விலை குறைந்த கருவிகளில் அது இருக்காது, அளக்கும் சிக்னலிலேயே இரைச்சல் இருந்தால் தவறாகவும் தொடங்கும். எல்எம்393 கம்பாரேட்டர் ஒன்றை வைத்து மட்டத்தைத் தாண்டுவதை டிஜிட்டல் விளிம்பாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம். அதன் வெளியீடு ஓபன் கலெக்டர், புல்-அப் மறந்துவிடாதீர்கள்.

இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒரே டிரிகர் கம்பியை இரண்டுக்கும் கொடுத்தால் போதுமா?

தொடக்கம் சேர்ந்திருக்கும், தொடர்ச்சி சேர்ந்திருக்காது. ஒவ்வொன்றும் தன் படிகக் கடிகாரத்தில் ஓடுகிறது. 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) துல்லியம் உள்ள இரண்டு கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் விலகினால் விநாடிக்கு 100 மைக்ரோ விநாடி வரை பிரியும், ஒரு மணி நேரத்தில் 360 மில்லி விநாடி. ஒரு விநாடி மோட்டார் பதிவுக்கு இது பரவாயில்லை. நீண்ட பதிவு என்றால் ஒரு கருவியின் சாம்பிள் கிளாக்கையும் இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டும். பிசிஐ அட்டைகளில் அதற்கு ஆர்டிஎஸ்ஐ கேபிள், பிஎக்ஸ்ஐ சேசிஸில் பின்பலகையிலேயே எட்டு டிரிகர் லைன்கள். பின்தொடரும் கருவியை முதலில் ஸ்டார்ட் செய்து, தலைமைக் கருவியைக் கடைசியில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒரே கருவியில் அனலாக் அவுட்புட்டும் இன்புட்டும் சேர்ந்து தொடங்க வேண்டுமென்றால் கம்பியே தேவையில்லை. அவுட்புட் டாஸ்க்கின் டிரிகராக இன்புட் டாஸ்க்கின் உள் ஸ்டார்ட் டிரிகரைக் கொடுத்து, அவுட்புட்டை முதலில் ஸ்டார்ட் செய்தால் போதும்.

காம்பாக்ட்டாக்கில் 9234 போன்ற, டெல்டா-சிக்மா வகை ஏடிசி உள்ள மாட்யூலையும் சாதாரண மாட்யூலையும் கலந்தால் கவனம். டெல்டா-சிக்மாவின் உள் ஃபில்டர் சிக்னலை ஏறத்தாழ 40 மாதிரி அளவு தாமதிக்கும். 51.2 கிலோஹெர்ட்ஸில் அது 0.8 மில்லி விநாடியை ஒட்டி வரும். டிரிகர் ஒன்றாக இருந்தும் இரண்டு வளைவுகள் விலகித் தெரிந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

எல்லாம் சரியாக இணைத்திருக்கிறேன் என்று எப்படி உறுதி செய்வது?

டிரிகர் சிக்னலையே ஓர் அனலாக் சேனலிலும் இணைத்துப் பதிவு செய்யுங்கள். மோட்டார் மின்னோட்டத்துக்குப் பக்கத்திலேயே டிரிகர் எங்கே ஏறியது, எத்தனை முறை துள்ளியது, 5 வோல்ட்டைத் தொட்டதா இல்லை 1.8-இல் தடுமாறியதா என்று எல்லாமே ஒரே திரையில் தெரியும். ஒரு சேனல் செலவுதான். ஆனால் ஆறு மாதம் கழித்துத் தரவைத் திறந்து பார்ப்பவருக்கும் அது சாட்சியாக இருக்கும். சேனல் இருக்கும்வரை இதை நிரந்தரமாகவே விட்டுவையுங்கள்.

கருவி கையில் இல்லாமல் சிமுலேட்டட் கருவியில் நிரலை ஓட்டிப் பார்ப்பவர்கள், அங்கே டிரிகர் எப்போதும் உடனே வந்துவிட்டதாகவே டிரைவர் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். அதில் ஓடியது என்பது வயரிங்குக்கு எந்தச் சான்றும் ஆகாது.

டாக் (தரவு சேகரிப்புக்) கருவி வாங்க வசதி இல்லை. ஆர்டுயினோவில் இதே காரியத்தைச் செய்ய முடியுமா?

முடியும், அதுவும் ஹார்ட்வேர் அளவிலேயே. ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஏடிசிக்கு ஆட்டோ டிரிகர் வசதி உண்டு. வெளி இன்டரப்ட் 0, அதாவது 2ஆம் எண் முனை, நேரடியாகவே ஏடிசியைத் தொடங்க வைக்கும். ஆனால் அது ஒரு விளிம்புக்கு ஒரே ஒரு மாதிரி. தொடர் பதிவுக்கு, விளிம்பு வந்ததும் இன்டரப்ட் ரொட்டீனில் டைமர் 1-ஐ ஓடவிட்டு, டைமரின் கம்பேர் மேட்ச் பி ஒவ்வொரு முறையும் ஏடிசியைத் தொடங்கும்படி அமையுங்கள். தொடக்கத்தில் சில மைக்ரோ விநாடி ஊசலாட்டம் இருக்கும், அதன் பிறகு மாதிரிகளின் இடைவெளியை டைமர் சுத்தமாகப் பார்த்துக்கொள்ளும். லூப்புக்குள் அனலாக்ரீட் எழுதுவதை விட இது எவ்வளவோ மேல்.

ஆர்டுயினோ இயல்பாக அமைக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் ஏடிசி கிளாக்கில் ஒரு மாதிரிக்கு 104 மைக்ரோ விநாடி ஆகும், விநாடிக்கு 9,600 மாதிரிதான் உச்சம். 10 பிட். நினைவகம் மொத்தமே 2 கிலோபைட் என்பதால் ஒரு மாதிரிக்கு 2 பைட் வைத்தால் 800 மாதிரிக்கு மேல் திட்டமிடாதீர்கள். விநாடிக்கு 4,000 வேகத்தில் ஒரு ஃபேஸை மட்டும் எடுத்தால் அது 200 மில்லி விநாடி, பத்துச் சுழற்சி. ஸ்டார்ட்டிங் உச்சியைப் பார்க்க அது போதும். மின்னோட்டத்தை சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) அல்லது ஹால் சென்சார் வழியாக மட்டுமே எடுத்து, சிக்னல் எதிர்மறைப் பக்கம் போகாதபடி 2.5 வோல்ட் நடுமட்டத்தில் தூக்கி நிறுத்திக் கொடுங்கள்.